நுரைக்கு ஒரு வால்

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்களோடு பேச மாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. மாடிச் சாவியைக் கேட்டு வீட்டுக்காரம்மா வருவார், கொடுத்துவிடுங்கள்.

வாண்டு பார்த்துக் கை கழுவட்டும் என்று நான் குழாய், சோப்பு, நுரை என வரிசையாகப் படம் வரைந்து குழாய்க்கு மேல் ஒட்டினால், "இது சோப்பு நுரையா, செம்மறி ஆடா?" என்று சிரித்தீர்கள். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவருக்கு என் கிறுக்கல் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் நுரையைக் குப்பையில் போட்டுவிட்டு நீங்கள் வரைந்ததை ஒட்டினீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

காலையில் வாண்டு முக்காலியில் ஏறினாள். குழாய்ப் படத்தைப் பார்த்துத் திறந்தாள், சோப்புப் படத்தைப் பார்த்து சோப்பை எடுத்தாள். உங்கள் நுரை வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "என் ஆடு எங்கம்மா?"

என் படத்தைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து, நீவி, ஒட்டினேன். அவ்வளவுதான். "மே, மே" என்று கத்திக்கொண்டே விரல் இடுக்கு, நகம் எல்லாம் தேய்த்தாள். விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடுகிற பிள்ளையை, இன்று போதும் போதும் என்று நான் இழுத்து இறக்க வேண்டியிருந்தது.

ஆடு என்று பெயர் வைத்தது நீங்கள்தான். பாதிப் பெருமை உங்களுக்கு. பாதிதான்.

மதியம் நீங்களும் மே சொல்லித்தான் கழுவ வேண்டும். பெயிண்ட் கையோடு உட்கார்ந்தால் தட்டைப் பிடுங்கிக்கொள்வாள்.

பி.கு. ஆட்டுக்கு வால் இல்லையாம், ஒரே அழுகை. எனக்கு வால் வரைய வரவில்லை. அதை மட்டும் நீங்கள் வரைந்துவிடுங்கள். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.