கோடிக்கரைக்குப் போன சாவி

தமிழரசி அப்பாவுக்கு,

கதவைத் தட்டாதீங்க, உள்ளே யாரும் இல்லை. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ரயில்ல கோடிக்கரைக்குப் போறேன். உப்புத் தண்ணியில ஆயிரமாயிரமா பூநாரை வந்து நிக்குதாம். "அறுப்புக் கூலி பேசி முடிச்சதும் போகலாம்"னு நீங்க வருஷா வருஷம் சொல்றது பிள்ளைங்களுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. மிராசுதார்கூட இத்தனை வாய்தா கேட்டதில்லைன்னு ராத்திரி நான் சொன்னது மட்டும் கொஞ்சம் அதிகம்தான்.

ஆட்டை நீலாம்பாள் அக்கா பார்த்துக்கும். சின்னவன் கரி இன்ஜினை ஒட்டின பெட்டியிலதான் ஏறுவானாம். வெள்ளைச் சட்டையோட கிளம்புறான், கறுப்புச் சட்டையோட வருவான்.

அம்சம்

சொல்ல விட்டுப்போச்சு. நீங்க சங்கத்துக்குக் கிளம்பினதும் மிராசுதாரோட காரியக்காரர் வந்தார். நீங்க கேட்ட கூலிக்கே சம்மதமாம், கையெழுத்து நாளைக்காம். இதை மேலேயே எழுதியிருந்தா மத்ததைப் படிக்காம ஓடியிருப்பீங்க.

சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்த ரயிலைப் பிடிங்க. வீட்டுச் சாவி என் முந்தானையில இருக்கு. புளிச்சோறு மொத்தமும் ஒரே தூக்குலதான் இருக்கு. நீங்க வர்ற வரைக்கும் திறக்க மாட்டோம்.