செட்டைக்குள்ளால் தெரிந்த இலை

மகனுக்கு,

இல்லாததையெல்லாம் நான் காண்பதாகக் கோயிலில் நீ சொல்லித் திரிவது பிழை. உள்ளதைத்தான் கண்டேன்.

போன சனிக்கிழமை பேத்தி பிரணவியை வண்ணத்துப்பூச்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்து, அங்கே கண்ட ஒரு பூச்சியைப் பற்றி, "அதின்ரை செட்டைக்குள்ளால இலை தெரியுது" என்று உன் வீட்டில் சொன்னேன். நீ சிரித்தாய். உன் மனைவி, "ஓம் மாமி, ஓம்" என்று குழந்தையைத் தேற்றுவதுபோலத் தலையாட்டினாள். பக்கத்தில் நின்று அதே பூச்சியைக் கண்ட உன் மகளை ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமையே மறதி டொக்டரிடம் எனக்கு நேரம் எடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு முதியோர் இல்லம், அதற்குப் பிறகு உன் அப்பா எனக்கு விட்டுச்சென்ற, நான் இருக்கும் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டின் விற்பனை. எனக்கு விளங்காதென்றா நினைத்தாய்?

நேற்றுத் தனியே இரண்டு பஸ் மாறி மறுபடியும் அங்கே போனேன். கண்டதைக் கண்டபடி எழுதவே பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்பித்தார்கள். அங்கிருந்த பலகையின்படி அது மத்திய அமெரிக்க மழைக்காட்டுப் பூச்சி. செட்டையின் விளிம்பு கபில நிறம், நடுவில் கண்ணாடிபோல நிறமே இல்லை. பறக்கும்போது பறவையின் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. புழுவாக இருக்கையில் நச்சிலை தின்று வளர்வதால், அகப்பட்டாலும் வாயில் கசக்கும். கடித்த பறவை மறுமுறை கிட்ட வராதாம்.

டொக்டரிடம் எடுத்த நேரத்தை ரத்துச் செய். கோயிலில் சொன்னதைக் கோயிலிலேயே திருத்து. எனக்குப் போன் எடுக்காதே, போனில் நீயும் "ஓம் அம்மா, ஓம்" என்றுதான் சொல்வாய். இரண்டையும் செய்து முடித்ததாக எழுத்தில் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா