பிஸ்கட் டப்பாவின் வாடை

1996, ஜூலை 8, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மண்டி மொஹல்லா சந்து முழுக்கச் சேறு. செருப்பு வார் அறுந்தது. லேபுக்குப் பத்து நிமிடம் லேட்.

அதற்குள் கைடு சார் பெட்ரி தட்டுகளைத் திறந்துவிட்டிருந்தார். என் மார்ச் சோதனையைப் பக்கத்து மேஜை பிரகாஷ் திரும்பச் செய்த ரிபீட். பத்துத் தட்டு. பத்திலும் பூஞ்சை ஓரம்வரை வெள்ளை வெளேரென்று. மார்ச்சில் நான் செய்தபோது மிளகு அளவுக்கு மேல் வளராத அதே பூஞ்சை. தட்டில் ஊற்றும் அகர் கூழில் கலந்ததும் அதே திரவம், கொ-7 வளர்த்து வடிகட்டியது. (கொ-7: கொள்ளேகாலில் எங்கள் மஞ்சள் தோட்டத்தில், கிழங்கு அழுகாமல் தப்பிய ஒரே மூலையின் மண்ணிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியா. இதை எனக்கே எதற்கு விளக்குகிறேன்.)

சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எல்லார் முன்னாலும், மெதுவாக, இங்கிலீஷில், மார்ச் ரிசல்ட் நிஜமாகவே வந்ததா என்று கேட்டார். வந்தது சார் என்றேன். அப்படியானால் கைச்சுத்தம் போதவில்லை, இல்லாவிட்டால் வேறு ஏதோ போதவில்லை என்றார். வேறு ஏதோ என்றால் நேர்மை. புரியாத மாதிரி நின்றேன்.

19-ஆம் தேதி கமிட்டி. இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருப்பேனா, மூட்டை கட்டுவேனா, அன்றைக்குத் தெரியும்.

கேன்டீனில் பிரகாஷ் தன் மசால் தோசையில் பாதியை என் பக்கம் தள்ளினான். தின்றேன். வெட்கம் கெட்ட பசி.

ஜூலை 9, செவ்வாய்

வாங்க: செருப்பு. சோப்பு. இன்லண்ட் லெட்டர் (அப்பாவுக்கு. என்ன எழுத?)

லேபில் தட்டு கழுவும் ராஜம்மா என் பழைய பிஸ்கட் டப்பாக்கள் இரண்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"ஏங்கண்ணு, ரெண்டும் ஒரே டப்பாதான? இது மட்டும் ஏன் இப்பிடி நாறுது? மூணு தடவ சோப்புப் போட்டுட்டேன். அழுவுன கோசு வாட."

முகர்ந்தேன். அது கொ-7 வைக்கும் டப்பா. இத்தனை மாதமாக அந்த வாடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மூக்குக்கு உறைக்கவே இல்லை.

மார்ச்சில் பாராஃபிலிம் கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. தட்டின் வாயைச் சுற்றி ஒட்டுகிற மெழுகுப் பட்டை. வெளிநாட்டுச் சரக்கு, சார் பீரோவில் பூட்டு, கையெழுத்துப் போட்டால் ஒரு முழம். உன் அப்பா வீட்டுச் சொத்தா என்று கேட்டார். ரோஷத்தில் ஒன்றையும் சுற்றவில்லை. பூஞ்சைத் தட்டுகளையும் கொ-7 தட்டுகளையும் ஒரே டப்பாவில் அடுக்கி, டப்பா மூடிக்கு மட்டும் டேப் போட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கும் வெறும் தட்டுகள் இன்னொரு டப்பாவில். செய்யவே கூடாத வேலை. திட்டு விழும் என்று நோட்டில் எழுதவில்லை.

பிரகாஷுக்குச் சார் முழு ரோல் கொடுத்தார். ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக இறுக்கிச் சுற்றியிருந்தான்.

அப்படியானால் திரவம் ஒன்றுமே செய்யவில்லையா? பூஞ்சையைத் தடுத்தது வாடையா?

ஜூலை 10, புதன்

மூடி இல்லாமல், தட்டுகளின் அடிப்பாகம் மட்டும். கீழே கொ-7. மேலே கவிழ்த்த பூஞ்சை. வாயோடு வாய் வைத்து டேப். ஒன்றை ஒன்று தொட வழியில்லை, நடுவில் காற்றுதான். ஐந்து ஜோடி. கீழே வெறும் அகர் வைத்து இன்னும் ஐந்து.

இரண்டு டப்பாவிலும் ஈரப் பஞ்சில் முளைவிட்ட பாசிப்பயறு. ஒன்றில் மட்டும் கூடவே திறந்த கொ-7 தட்டு. சும்மாதான்.

லேப் நோட்டில் ஏற்றவில்லை. முதலில் வரட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே போனேன்.

கொ-7 மேல்: ஐந்திலும் பூஞ்சை வைத்த புள்ளியிலேயே.
வெறும் அகர் மேல்: ஐந்திலும் முழுத் தட்டு.
பயறு: கொ-7 டப்பாவில் பக்கவேர் அடர்த்தி, இலை கரும்பச்சை. மற்றதில் சாதா.

தொடாமல், ஒரு சொட்டுகூடப் படாமல், பூஞ்சையை உட்கார வைக்கிறது, செடியைத் தூக்கி விடுகிறது. வெறும் வாடையால். எங்கள் தோட்டத்து மூலையில் மண்ணுக்கடியிலும் இதுதான் நடந்திருக்கும்.

ஆளில்லாத லேபில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மதியம் சாப்பிடவில்லை. செருப்பு இன்னும் வாங்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

டப்பாவோடு சார் ரூம் வாசலில் நாற்பது நிமிடம். உள்ளே போய், மார்ச் ரிசல்ட் ஏன் வந்தது என்றால் சார், என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். கமிட்டிக்குச் சனிக்கிழமையே லெட்டர் போய்விட்டதாம். ரிசல்ட் நம்பத்தக்கதல்ல என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்றாம். எழுதினதை மாற்றினால் அவர் பெயர் என்ன ஆவது.

பிறகு டப்பாவைப் பார்த்தார். பிஸ்கட் வேண்டாம் என்றார். அவரே சிரித்துக்கொண்டார்.

அவர் மூக்குக்கு நேராக மூடியைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜூலை 19, வெள்ளி

கமிட்டி. நாலு பேர். என் விஷயம் டீ வருவதற்குள் முடிந்தது. நீட்டிப்பு இல்லை. மாதக் கடைசியோடு சரி. கல்யாணம் எப்போது என்று ஒருவர் அன்பாக விசாரித்தார். நான் வாயைத் திறந்தேன். சார் என் சார்பில் எல்லோருக்கும் நன்றி சொல்லி எழுந்துவிட்டார்.

வெளியே ராஜம்மா. "மூஞ்சியக் கழுவிட்டு வா கண்ணு" என்றார்.

ஜூலை 22, திங்கள்

மழை இல்லை. புதுச் செருப்பு கடிக்கிறது.

ஒப்படைத்தவை: சாவி, நோட்டு 3, கல்ச்சர் 14 (கொ-7 உட்பட). ஒப்படைக்காதவை: பிஸ்கட் டப்பா 2.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். அந்த மூலையில் எந்த மருந்தும் ஊற்ற வேண்டாம் என்று மட்டும்.

சாயங்காலம் பிரகாஷ் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் செய்ததை இன்னொரு தடவை செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம் சார். வந்தால் அவன் தீஸிஸில் ஓர் அத்தியாயம். நம்பத்தக்கதல்ல என்று அவர் எழுதிய அதே ரிசல்ட். பிரகாஷ் கெட்டவன் இல்லை. பாதித் தோசை கொடுத்தவன். அதுதான் தொண்டையில் நிற்கிறது.

"நோட்டுல இல்லாதது வேற ஏதாச்சும் பண்ணியா? நிஜமா சொல்லு" என்று கேட்டான்.

டப்பாக்கள் என் பையில். பை என் மடியில்.

"ஒண்ணும் இல்ல. பாராஃபிலிம் மட்டும் நல்லா இறுக்கிச் சுத்து. காத்தே போகக் கூடாது."

தேங்க்ஸ் சொன்னான்.