செட்டைக்குப் போன சீலை

காத்தான்குடி,
1946ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21ந் திகதி.

அல்லாஹ்வின் காவலில் இருக்கும் மகன் முகைதீன்பாவாவுக்கு வாப்பா கச்சி முகம்மது சலாம் சொல்லி எழுதுவது. நானும் தங்கச்சி ஸஹீதாவும் மச்சான் றவூபும் பிள்ளைகள் இரண்டும் உயிரோடு நடமாடிக்கொண்டு இருக்கிறோம். பம்பாயில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். வழமையாக இந்த இடத்தில் எல்லாரும் நல்ல சுகம் என்று எழுதுவேன். இந்தமுறை அந்தச் சொல்லுக்குக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

உன் கடிதம் போன கிழமை செவ்வாய் அன்று கிடைத்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த நாளிலிருந்து இங்கே விடாத மழை, வாவித் தண்ணீர் ஏறி மேற்குப் பக்கத்து வளவுகளுக்குள் வந்துவிட்டது, தபால்காரன் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து உன் கடிதத்தைத் தலைப்பாகைக்குள் இருந்து எடுத்துத் தந்தான். நனையாமல் கொண்டுவந்தானே என்று அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். பிறகு வாசித்துப் பார்த்தபோது, நனைந்து எழுத்தெல்லாம் அழிந்து வந்திருந்தால் நல்லது என்று தோன்றியது. நான் அனுப்பிய சீலையைப் பரிசோதகர் கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தார், அங்குலத்துக்கு எட்டு இழை குறைவு, ஆகாயக் கப்பலின் சிறகுச் செட்டைக்கு ஆகாது என்று தள்ளிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். சரி, அது அவருடைய தொழில். அதற்குக் கீழே, சீலையை வீணாக்கவில்லை வாப்பா, துண்டு துண்டாக வெட்டி மரச்சட்டத்துக்கு மெருகு துடைக்க எடுத்துக்கொண்டோம், நல்ல மிருதுவான சீலை, எண்ணெயை நன்றாக வாங்குகிறது என்று சந்தோசமாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். இந்தப் பதிலை எழுத எனக்கு ஒன்பது நாள் சென்றிருக்கிறது.

உன்னுடைய அந்த ஆகாயக் கப்பலுக்காக நான் இந்த ஊரில் என்ன பாடு பட்டேன் என்று உனக்குத் தெரியாது. கோழி அடைகிற கொட்டிலில் பதினைந்து வருஷம் கிடந்த இரட்டைச் செட்டைக் கப்பல், நான் ஓதப் பள்ளிக்குப் போன காலத்தில் செய்தது, அதை எங்கள் முதலாளி வாங்கிவிட்டார், நான் அதைப் பறக்க வைத்தால் என்னைத் தலைமை மெக்கானிக் ஆக்குவதாகச் சொல்கிறார் என்று நீ எழுதினாய். சீலை வேண்டும், பித்தளை ஸ்குறு வேண்டும், சின்ன ரப்பர் டயர் இரண்டு வேண்டும், யாரையாவது விசாரியுங்கள் என்று எழுதினாய். தறியில் உட்காரச் சொன்னால் முதுகு நோகிறது என்று சொல்லி ஓடிப்போனவன், இப்போது வாப்பாவிடம் சாமான் கேட்கிறான் என்று எனக்கு முதலில் ஒரு கர்வம் வந்தது உண்மை. மட்டக்களப்புப் பட்டினத்தில் மோட்டார்ச் சாமான் விற்கிற கடைக்குப் போய் ஆகாயக் கப்பலுக்கு டயர் இருக்கிறதா என்று கேட்டேன். என்னை மர வாங்கில் இருத்தி, பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டு, இன்னொருதரம் கேளுங்க காக்கா என்று முறை சொல்லிக் கேட்க வைத்தார்கள். கேட்டேன். அவர்கள் சிரித்து முடியும்வரை இருந்துவிட்டு வந்தேன். ஆரையம்பதியில் தோணி செய்கிற நல்லரத்தினத்திடம் நான்குதரம் நடந்து போனேன். அவர் நல்ல மனுசன், ஈரம் பட்டால் இரும்பு மரத்தைத் தின்றுவிடும், பித்தளைதான் சரி, உங்கட மகன் விசயம் தெரிஞ்ச ஆள் என்று சொல்லி, ஒரு பழைய கப்பல் படகில் இருந்து கழற்றிய ஸ்குறுகளைப் புளி போட்டுத் தேய்த்து ஒரு தகரப் பேணியில் தந்தார். அதை இத்தோடு அனுப்புகிறேன். உன் பரிசோதகர் இதையும் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும்.

சீலைக்கு வருகிறேன். நீ ரஜப் மாதம் எழுதிய கடிதத்தில், வாப்பாவின் கையால் எண்பதாம் நம்பர் நூலில் பதினைந்து யார் நீளம் நெய்து அனுப்பச் சொன்னாய். யுத்தம் முடிந்தாலும் நூல் இன்னும் பெர்மிட்டுக்குத்தான் என்று உனக்கு யார் சொல்லுவார்கள். நெசவுச் சங்கம் எடை நிறுத்துத் தருகிற நூலைச் சங்கத்துக்கே சீலையாக நிறுத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் முரட்டு நூல். எண்பதாம் நம்பரை நான் கண்ணால் கண்டு ஏழு வருஷம். ஏலாது என்று எழுதிவிடுகிறேன் என்று உன் உம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். பெட்டகம் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் கொண்டுவந்து என் மடியில் வைத்தது, தான் கண்மூடினால் மையத்தைச் சுற்ற வைத்திருந்த கபன் சீலை.

ஓம் மகன், அதுதான். நீ வெட்டி மெருகு துடைத்தது உன் உம்மாவின் கபன் சீலை. யுத்தத்துக்கு முதல் வருஷம் கொழும்பில் இருந்து நல்ல நூல் வந்தபோது, மற்ற ஆள் நெய்த சீலையில் என்னைச் சுற்றாதீங்க, நீங்களே நெய்து தாங்க என்று கேட்டாள். எந்தப் பெண்ணும் கேட்காத கேள்வி, முதலில் ஏசினேன், பிறகு நெய்தேன். பெண் மையத்துக்கு வேண்டிய ஐந்து துண்டுக்கும் போதுமாகப் பதினைந்து யார். அவள் ஏழு தண்ணீரில் கழுவிக் கஞ்சி எடுத்து, மடித்து, கற்பூரமும் சாம்பிராணியும் வைத்துப் பெட்டகத்தின் அடியில் வைத்தாள். சீலையில் கற்பூரம் மணக்கிறதே, பூச்சிக்கு வைத்ததா என்று நீ கேட்டிருந்தாய். பூச்சிக்கு இல்லை.

நான் வேண்டாம் என்றேன். சத்தமாகவும் சொன்னேன். அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "புள்ளைக்கு ஒதவாத சீலை எனக்கு என்னத்துக்கு? நான் இப்ப மௌத்தாகப் போறனா? நூல் வரக்குள்ள நீங்க வேற சீலை நெய்ஞ்சு தருவீங்கதானே." பிறகு என்னிடம் சத்தியம் வாங்கினாள். பாவாவுக்குச் சொல்லப்படாது, தெரிந்தால் அவன் அதில் கை வைக்கமாட்டான். ஸஹீதாவுக்கும் சொல்லப்படாது, அவள் காக்கா உன்னோடு சண்டை பிடித்துப் பேசாமல் விட்டுவிடுவாள். பார்சலை அவளே சுற்றித் தைத்தாள். பார்வை மங்கின கண்ணை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடவும் இல்லை.

இப்போது என்னுடைய பங்கையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் உன்னை மட்டும் ஏசினால் அல்லாஹ் பொறுக்கமாட்டான். பார்சலைத் தைக்க முதல், திருகோணமலை ஏறோட்றோம் தளத்தில் யுத்த காலம் முழுக்க ஆகாயக் கப்பல்களுக்குச் சீலை தைத்த மஜீட் வந்திருந்தான். செட்டைக்குச் சீலையை எப்படி இழுத்துக் கட்டுவது, மெழுகு நூலால் எத்தனை விரலுக்கு ஒரு முடிச்சு, கஞ்சி துளியும் இருக்கப்படாது, இருந்தால் மெருகு ஊறாது என்று அவன் சொன்னதைத்தான் நான் உனக்கு எழுதி அனுப்பினேன். அவன் சொன்ன இன்னொன்றை எழுதவில்லை. சீலையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தவன், காக்கா, இது ஐதாக் கிடக்கே, காத்துக்குத் தாங்காதே என்றான். எனக்குத் தெரியாதா? நெய்தவன் நான். மையத்துச் சீலையை யாரும் இறுக்கி நெய்வதில்லை, கழுவின உடம்பில் படிந்து ஈரத்தை வாங்க வேண்டும், அதற்காகவே பாவு நூலை ஐதாக விட்டேன். அது காற்றுக்கு நெய்த சீலை இல்லை, மண்ணுக்கு நெய்தது. நான் மஜீடை வாய் மூடச் சொன்னேன். ஏன் என்று கேட்பாய். சீலை சரிவராமல் போகட்டும், முதலாளி உன்னை விரட்டட்டும், நீ ஊருக்கு வருவாய் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. சரிவரவில்லை என்றால் சீலை எப்படியும் திரும்பி வரும், பெட்டகத்தில் வைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். நெய்த சீலையை ஒருத்தன் வெட்டித் துடைப்பான் என்று ஒரு நெசவுகாரனுக்குப் புத்தி போகுமா? அவள் பிள்ளைக்காகக் கொடுத்தாள், நான் பிள்ளை தோற்க வேண்டும் என்று அனுப்பினேன். அல்லாஹ் எனக்குத் தந்த தண்டனை எனக்குப் போதும்.

இரண்டு மாதத்தில் நோன்பு பதினெட்டில் அவள் போய்விட்டாள். தந்தி அடித்தோம். நீ வரும்வரை மையத்தை அடக்காமல் வைத்திருக்க முடியாது, அதில் உன்மேல் எனக்குக் குறை இல்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு, இந்தக் கிழமைதான் கப்பலின் எஞ்சினை முதன்முதலாக ஓடவைத்துப் பார்க்கிறோம், வர வசதிப்படாது என்று எழுதினாயே, அதை நான் மறக்கவில்லை. எஞ்சின் ஓடியதா என்று நான் கேட்கவும் இல்லை.

குளிப்பாட்ட வந்த பெண்கள் கபனை எடுக்கப் பெட்டகத்தைத் திறந்தார்கள். அவளிடம் புருசன் நெய்த சீலை இருக்கிறது என்று இந்தத் தெருவில் தெரியாத பெண் இல்லை, அவளே பெருமையாகக் காட்டியிருக்கிறாள். உள்ளே கற்பூரமும் சாம்பிராணியும் மட்டும் இருந்தது. எங்கே என்று கேட்டார்கள். ஸஹீதாவும் கேட்டாள். எல்லாருக்கும் முன்னால் நான், விற்றுவிட்டேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல, சத்தியம் பண்ணியிருக்கிறேனே. சங்கக்கடையில் அன்றைக்கு வெள்ளைச் சீலை இல்லை. என் தறியில் ஒரு இழை இல்லை. நெசவுகாரனுடைய பொஞ்சாதிக்கு மூன்று வீட்டில் சீலை இரந்து வந்தார்கள். ஒரு வீட்டில் மேசை விரிப்பு, ஒரு வீட்டில் புதுச்சாரத்துக்கு வைத்திருந்த மல் துணி, மிச்சத்துக்கு ஸஹீதா தன்னுடைய தொழுகைச் சீலையைக் கொடுத்தாள். எல்லாம் மில் சீலை. மற்ற ஆள் நெய்த சீலையில் சுற்றாதீங்க என்று சொன்னவளை நான் அப்படித்தான் அனுப்பினேன்.

அன்றிலிருந்து ஸஹீதா என்னோடு பேசுவதில்லை. வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, நான் அவளுடைய வீட்டில் இருக்கிறவன். சோற்றைப் பீங்கானில் போட்டு மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். குறை வைக்கமாட்டாள், மீன் நடுத்துண்டு எனக்குத்தான் வரும், ஆனால் வாப்பா என்ற சொல் வராது. பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களும் சலாத்துக்குப் பதில் சொல்வதோடு சரி. பொஞ்சாதியின் கபனை விற்றுத் தின்றவன் என்று பேர் வாங்கிவிட்டேன். இதை உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நீ அந்தச் சீலை எண்ணெயை நன்றாக வாங்குகிறது என்று எழுதாவிட்டால் எழுதியிருக்கவும் மாட்டேன். உன் உம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தில் பாதியை இந்தக் கடிதத்தில் முறித்துவிட்டேன். ஸஹீதாவின் பாதி அப்படியே இருக்கிறது, அதை நான் முறிக்கமாட்டேன். நீ அவளுக்கு எழுதினால் எழுது, விட்டால் விடு, உன் மனச்சாட்சி உன்னோடு.

தொழில் விசயமாக இரண்டு சொல். மஜீட் சொல்கிறான், பிளந்துபோனதாக நீ எழுதிய மரச்சட்டத்தை ஸ்குறுவால் மட்டும் இறுக்காதே, பசை காய்ந்த பிறகு இறுக்கு, துளையை முதலில் ஸ்குறுவை விட மெல்லியதாகப் போடு, இல்லாவிட்டால் மரம் இன்னும் பிளக்கும் என்று. டயருக்கு அவன் திருகோணமலையில் ஒருவருக்கு எழுதியிருக்கிறான், பதில் வந்தால் தெரிவிப்பான். சீலை இன்னும் கிடைக்கவில்லை என்றால், அங்கே எண்பதாம் நம்பர் நூல் எடுத்து அனுப்பு. அங்குலத்துக்கு எண்பது இழை, பாவும் எண்பது ஊடும் எண்பது, குறையாமல் நெய்து தருவேன். பகையில் ஐதான சீலை அனுப்புகிறவன் என்று நினைத்துவிடாதே, ஒருதரம் செய்துவிட்டேன், இனிச் செய்யமாட்டேன். அந்தக் கப்பலில் நீயும் ஏறப்போவதாக எழுதியிருக்கிறாய். என் கையால் நெய்த செட்டை கிழிந்து நீ விழுந்தாய் என்று கேட்க நான் உயிரோடு இருக்கக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்த மெருகின் வாடை நெஞ்சுக்கு ஆகாதாம், மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய். தொழுகையை விடாதே. வெள்ளி இரவுகளில் உம்மாவுக்கு யாசீன் ஓது, அவள் உன்மேல் ஒரு குறையும் இல்லாமல்தான் போனாள், குறையெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. அல்லாஹ் உன் கையையும் கண்ணையும் காப்பாற்றட்டும், நீ தொட்ட வேலையைக் கரை சேர்க்கட்டும், கப்பலையும் பறக்க வைக்கட்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. துடைத்த துண்டுகளில் எறியாமல் எது கிடந்தாலும் பொறுக்கி அனுப்பு. மெருகு பட்ட சீலை ஆகுமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன், எதற்கு என்று கேட்காமல், கழுவினால் சுத்தம்தான் என்றார். ஒரு கபனுக்கு வராது, எனக்குத் தெரியும். மையத்தைச் சுற்றின பிறகு தலைமாட்டிலும் இடுப்பிலும் கால்மாட்டிலும் கட்ட மூன்று நாடா வேண்டும், இரண்டு விரல் அகலம் போதும். எனக்குக் கட்ட அதுவாவது அவளுடைய சீலையில் இருக்கட்டும். நீ கழுவாதே மகன், அப்படியே அனுப்பு, நான் கழுவிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வாப்பா,
ம. கச்சி முகம்மது