தூள் பையில் போன எட்டுப் பாடங்கள்

அக்குறணை,
1999 ஆகஸ்ட் 3.

அன்புள்ள றமீஸா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் ஷிராஸும் நானும் நலம். மெல்பேர்னில் நீரும் உமது நானா குடும்பத்தாரும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

இந்த வீட்டின் வரலாற்றில் நினைவுகூரத் தக்க ஒரு தீர்மானம் சென்ற மாதம் எடுக்கப்பட்டது. கூடத்தில் இருந்த கண்ணாடி அலுமாரியை அறைக்குள் மாற்றுவது என்பதே அது. தொழ நின்றால் அந்தக் கண்ணாடியில் தன் முகமே தெரிகிறது என்று உம்மா முறையிட்டார். உம்மா நிற்கும் இடத்தை மாற்றலாம் என்று நான் பிரேரித்தேன். அது விவாதமின்றித் தோற்றது. இரண்டு பின்னேரங்கள் ஆலோசித்து, மூன்றாம் நாள் நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். இப்போது அது அறைக் கதவை முழுதாகத் திறக்க விடாமல் கம்பீரமாக நிற்கிறது.

தூக்குவதற்கு முன் லாச்சிகளை வெறுமையாக்க வேண்டியிருந்தது. கீழ் லாச்சியில் நீல நூலால் கட்டிய ஒரு கடதாசிக் கட்டு இருந்தது.

அதற்குப் பதினொரு நாள் கழித்து உமது கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு முன் கண்டியில் நீர் படித்துத் தேறிய எட்டுப் பாடங்களையும் அங்குள்ள பல்கலைக்கழகம் உமது வணிகப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் என்றும், ஆனால் பழைய கல்லூரி முத்திரையிட்டுத் தந்த பாடத்திட்டத்தை ஒவ்வொன்றுக்கும் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். ஆகஸ்ட் முடிவதற்குள் காட்டினால் நவம்பரில் பட்டம். இல்லாவிட்டால் எட்டையும் மறுபடி படிக்க இன்னும் ஒரு வருடம். பாடத்திட்டங்கள் கீழ் லாச்சியில், நீல நூல் கட்டில், பத்திரமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்.

எந்தக் கடைக்காரனும் செய்வதையே நான் செய்திருந்தேன். ஒரு பக்கம் அச்சடித்த தாளைக் கண்டால் நாங்கள் வாசிப்பதில்லை, நிறுத்துப் பார்ப்போம். அந்தக் கட்டை அப்படியே மஸீனா ராத்தாவிடம் கொடுத்தேன். கடைக்குப் பை ஒட்டித் தருவதில் அவர் ஒருநாளும் தாமதித்ததில்லை என்பது உமக்குத் தெரியும். கோதுமை மாப் பசை பூசி அன்று பின்னேரமே கால் கிலோப் பைகளாகத் திருப்பித் தந்தார். உமது கடிதம் வந்த அன்று மிளகாய்த் தூளுடனும் மல்லித் தூளுடனும் அவை எல்லாம் விற்று முடிந்திருந்தன.

கல்லூரியிடமே மறுபடி கேட்கலாம் என்று கண்டிக்குப் போனேன். கல்லூரி இருந்த மாடியில் இப்போது தையல் இயந்திரம் விற்கிறார்கள். மிகவும் மரியாதையாக நடத்தினார்கள். தவணை முறையிலும் தருவார்களாம்.

ஆகவே கடை வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன்: வெள்ளைத் தாளில் செய்த தூள் பையைத் திருப்பித் தருவோருக்குக் கால் கிலோத் தூள் இலவசம். ஊர் இதைக் கல்வித் தொண்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் ஆளாக வந்தவர் டெயிலர் பஹ்மி நானா. "எனத்த மஹ்மூத், பொஞ்சாதிட படிப்ப மொத்தமா வித்திட்டு இப்ப சில்லறையாத் திருப்பி வாங்கிறீங்களா?" என்று, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது கேட்டார். பிறகு இரண்டு பைகளை நீட்டினார். ஒன்று உமது கணக்கீடு. மற்றது யாரோ ஒரு பிள்ளையின் எட்டாம் வகுப்புப் புவியியல் வினாத்தாள். அதற்கும் தூள் வாங்காமல் போகவில்லை.

தேயிலைத் தோட்டத்து வடிவம்மா, லயத்தில் நாலு வீட்டுக்கும் சேர்த்துச் சாமான் வாங்குபவர், மூன்று தாள்களைக் கொண்டுவந்தார். "கிழிக்கல மொதலாளி. பின்னால வெள்ளையா நல்லா இருந்துச்சு. புள்ள கணக்குப் போட்டுப் பழகட்டும்னு பிரிச்சு வச்சேன்" என்றார். உமது வணிகப் புள்ளிவிபரவியலின் முதுகில் இப்போது இருபத்திரண்டு பெருக்கல் கணக்குகள் இருக்கின்றன. சரிபார்த்தேன். இருபத்திரண்டும் சரி. இலவசத் தூளை அவர் வாங்கவில்லை. தாள் போனதுதான் நட்டம் என்றார். பிள்ளை எழுத இரண்டு கொப்பிகள் கொடுத்தேன்.

இப்படியாக ஏழு திரும்பின. சந்தைப்படுத்தல் மட்டும் கிடைக்கவில்லை. அது மாத்தளை பஸ்ஸில் யாரோ ஒரு பிரயாணியுடன் போனதாக நம்பப்படுகிறது.

அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, நீர் கேட்காத ஒன்பதாவது பாடத்திட்டம் ஒன்று வந்தது. கேத்தல் ஆவியில் பசையை இளக்கிப் பிரித்தேன். வங்கியியல். அதன் ஓரத்தில் உமது கையெழுத்தில் 'பரீட்சை ஜூன் 14' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறது. வருடம் 1991. நமது நிக்காஹ் அந்த ஜூன் 12. பரீட்சை இருப்பதாக நீர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நான் கேட்டதாகவும் நினைவில்லை. மூன்று மாதத்தில் படிப்பைத் தொடர அனுப்புகிறேன் என்று உமது வாப்பாவிடம் நான் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. எட்டு வருடங்கள் அந்தக் கட்டு நம் வீட்டில் இருந்தது. பையாகப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் வாசித்தேன்.

ஏழு தாள்களையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உறையைத் திறக்கும்போது முகத்துக்கு அருகில் பிடிக்க வேண்டாம். ஒன்பதாவதை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஷிராஸ் நாட்காட்டியில் நீர் வந்திறங்கும் நவம்பர் 20ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறான். சந்தைப்படுத்தலுக்காக இன்னொரு தவணை இருக்க வேண்டி வந்தால் அந்த வட்டத்தை நினைத்துப் பாதியில் விட்டுவிட வேண்டாம். நாட்காட்டியைக் கடையில் சும்மாவே கொடுக்கிறோம். இந்த முறை பரீட்சை எழுதிவிட்டே வாரும்.

அல்லாஹ் உமது அறிவை அதிகமாக்கி, உம்மைச் சுகமாக எங்களிடம் சேர்ப்பானாக.

வஸ்ஸலாம்,
மஹ்மூத்


மெல்பேர்ன்,
1999 செப்டம்பர் 6.

அன்புள்ள ஷிராஸின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். தபால் வந்தது. நீங்கள் எச்சரித்தும் தும்மினேன்.

ஏழு பாடங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். பிரதி போதும் என்றார்கள். தாள்கள் என்னிடமே இருக்கின்றன. வடிவம்மாவின் பிள்ளைக்கு என் சலாத்தைச் சொல்லி இன்னும் இரண்டு கொப்பிகள் கொடுங்கள்.

சந்தைப்படுத்தல் இங்கே வருடத்தின் முதல் தவணையில் மட்டும்தான் நடக்கும். பரீட்சை அடுத்த ஜூன் 9. டிக்கட்டை ஜூன் 12க்கு மாற்றிவிட்டேன்.

றமீஸா