பரணில் இருந்த ஜாடி

பகல் பதினொன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. அலுவலக மேஜை போனில் உன் பள்ளித் தலைமையாசிரியை. "தம்பி, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் கையிலிருந்த மல்டிமீட்டரை அணைத்தேன். உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். அதன் பிறகுதான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அது புரட்டாசி. இது தை. இப்போது உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பிரவுன் டேப். நேற்று காலை நம் மந்தைவெளி வீட்டுச் சாமான்களைக் கட்ட அண்ணன் அனுப்பிய இரண்டு ஆட்கள் வந்து அட்டைப்பெட்டிகளையும் தெர்மாகோல் பலகைகளையும் இறக்கினார்கள். ஒருவர் டேப்பைப் பிடித்து இழுத்தார். அந்த 'கர்ர்' சத்தத்துக்குச் சமையலறையிலிருந்து நீ எட்டிப் பார்ப்பாய் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

தி. நகர் போர்ஷனிலிருந்து மந்தைவெளிக்கு வந்தபோது அந்தச் சத்தத்தை எழுப்பியவன் நான். எந்தப் பொருளுக்கு எந்தப் பெட்டி, எது மேலே எது கீழே என்று படம் போட்டு, கடையிலிருந்து தெர்மாகோலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நீ இடுப்பில் கை வைத்து நின்றாய்.

"என்ன இன்ஜினியர் சார், ராக்கெட்டா அனுப்பப் போறோம்?"

"கண்ணாடி சாமான் உடையக் கூடாதுல்ல?"

"உடையாது. அங்க போய் இறங்கினதும் இந்த வெள்ளைக் கருமத்த என்ன பண்ணுவீங்க?"

"குப்பைத் தொட்டில போட்டுடலாம்."

"தொட்டிலேர்ந்து அது எங்க போகும்?"

எனக்குத் தெரியவில்லை. மந்தைவெளிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு மாலை கால்வாய்ப் பாலத்தில் என் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டினாய். கறுப்புத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. "யாரோ ஒரு இன்ஜினியர் வீடு மாத்திருக்கார்," என்றாய். நான் வாங்கியதை அதற்கு முன்பே உன் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டிருந்தாய். மாடல் செய்து மார்க்கும் வாங்கிவிட்டார்கள்.

உன் முறை வேறு. காலியாக எதுவும் வண்டி ஏறக் கூடாது. அண்டாவுக்குள் தலையணை போனது. குக்கருக்குள் உன் ரவிக்கைகள். கண்ணாடி டம்ளர் ஒவ்வொன்றும் என் சாக்ஸுக்குள் நின்றது, தட்டுகளுக்கு இடையில் என் பனியன்கள். "எப்படியும் துணியும் வரணும், பாத்திரமும் வரணும். தனித்தனியா எதுக்கு வரணும்?" அரிசிக் கடையில் சாக்குகளை இரவல் வாங்கினாய். வேலை முடிந்ததும் துவைத்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தாய். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாதி உடைந்த வாளி துளசிக்குப் போயிற்று. மொத்த வீடும் கன்னியப்பனின் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றிலேயே ஏறியது.

எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி மாதச் சாப்பாடு. வீடு மாற்றுவதற்கு முந்தைய மாதம் மளிகை வாங்கக் கூடாது, டப்பாக்களில் இருப்பது தீர வேண்டும், எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்பது உன் சட்டம். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் கொள்ளு, அவல், ஜவ்வரிசி, பெயர் தெரியாத ஏதோ மாவு. ஒரு நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றேன்.

"இருக்கறது," என்றாய்.

அடுத்த நாளும் கேட்டேன். "நேத்து இருந்ததுல மிச்சம் இருக்கறது." சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது.

இந்த முறையும் அந்தச் சட்டப்படியே நடந்தேன். அசோக் நகரில் ஒற்றை அறை வீடு பார்த்தாகிவிட்டது. அண்ணன்தான் அடையாறிலிருந்து வந்து வந்து கட்டாயப்படுத்தினார். "அங்கயே கெடந்து செவத்தப் பாத்துட்டு இருக்கப் போறியாடா?" ஒரு மாதமாக மளிகை வாங்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் தீர்த்தேன். தீர்ந்த டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். யோசிக்காமல் செய்ய ஒரு வேலை இருந்தது, நன்றாக இருந்தது. போன வாரம் கழுவிக் கவிழ்த்த டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அது சாம்பார் பொடி டப்பா. ஆவணியில் நீ மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்து, மாவு மில்லில் நின்று அரைத்துக்கொண்டு வந்த பொடி. டப்பாவை முகத்தருகே கொண்டுபோனேன். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. வீட்டில் உன் கை பட்டுத் தயாரானது எதுவும் அதோடு மிச்சமில்லை.

அதனால்தானோ என்னவோ, நேற்று அந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினேன்.

"உங்க அண்ணன் புக் பண்ணிட்டாரே சார்?"

"தெர்மாகோல்லாம் வேணாம். வீட்டுல திட்டுவாங்க."

இருவரும் உடனே தலையாட்டிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் திட்டுவார்கள் என்றால் எந்த ஆணுக்கும் புரிந்துவிடுகிறது.

பிறகு உன் பீரோவைத் திறந்தேன். புரட்டாசிக்குப் பிறகு முதல் தடவை. புடவைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அண்ணி எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பாத்திரங்களைச் சுற்றினேன். காபி ஃபில்டருக்குப் பச்சைச் சுங்குடி. நாம் சண்டை போட்டு வாங்கிய மிக்ஸிக்கு நீ பள்ளிக்குக் கட்டும் நீலம். அரிசிக் கடையில் இரவல் வாங்கிய சாக்குகளில் கட்டினேன். கை தானாக வேலை செய்தது.

கடைசியாகப் பரணில் ஏறியபோது மூலையில் அது இருந்தது. ஊறுகாய் ஜாடி. போன தடவை கட்டியது கட்டியபடியே. கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் நான் போட்ட காக்கிச் சட்டைக்குள் ஜாடியை நிறுத்தி, இரண்டு கைகளையும் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருந்தாய். இதை ஏன் பிரிக்கவில்லை என்று வந்த புதிதில் கேட்டிருக்கிறேன்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்ளோ பெரிய ஜாடி? மூணாவது ஆள் வரட்டும்."

"வந்ததும் ஊறுகாயா சாப்பிடும்?"

"உங்க புள்ளயாச்சே, சாப்பிடும்."

ஜாடியைப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே நின்றேன். மற்ற எல்லாவற்றையும் நான் கட்டியாகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் நீ எனக்கு முன்பே கட்டி வைத்திருந்தாய்.

இன்று காலை வந்தது அதே கன்னியப்பன். அதே மீன்பாடி வண்டி.

"இன்னா சார், மறுபடியும் ஷிஃப்டிங்கா? அக்காவக் காணோம்? புது வூட்ட பெருக்கிக்கினு இருக்குதா?"

நான் தலையாட்டிவிட்டேன். அது ஆமாம் என்று ஆகிவிட்டது.

"நைலான் கவுறு எடுத்தாரல சார். போன தபா அக்கா வுட்ட டோஸு அப்டி. இத பாரு, தேங்கா நார்."

வழியெல்லாம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஒரு டம்ளர்கூட உடையவில்லை என்று நீ அவருக்கு ஜவ்வரிசி வடாம் கொடுத்தாயாம். எனக்கு அது தெரியாது. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தேன்.

அசோக் நகரில் வண்டி நின்றதும் என்னிடமிருந்து ஜாடியை வாங்கிக்கொண்டு அவரே முதலில் உள்ளே போனார். "அக்கோவ், வண்டி வந்துச்சு," என்று குரல் கொடுத்தார். காலி அறையில் அந்தக் குரல் பெரிதாகக் கேட்டது. அடுப்படிவரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அவ இல்ல கன்னியப்பா," என்றேன். "புரட்டாசில செத்துட்டா."

இந்த நான்கு மாதத்தில் அந்தச் சொல்லை என் வாய் சொன்னது அப்போதுதான். மற்றவர்கள்தான் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஜாடியை இறக்கவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டார். "இத்த எங்க சார் வெக்கறது?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் காட்டினேன். குழந்தையைக் கிடத்துவதுபோல் மெதுவாக வைத்தார். முடிச்சிடம் கையைக் கொண்டுபோய், "அவுத்துடட்டா?" என்றார்.

"வேணாம். அது இருக்கட்டும்."

மீதியை இருவரும் சேர்ந்து பிரித்தோம். சாக்குகளை அவரே மடித்தார். திருப்பிக் கொடுக்க வேண்டியவை என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்று நார்க் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது சாயங்காலம். புடவைகளை உதறிக் கொடியில் போட்டிருக்கிறேன். பச்சைச் சுங்குடியில் காபி வாசனை ஏறியிருக்கிறது. இரவல் துணியைத் துவைக்காமல் வைக்கக் கூடாது என்பாய். இதைத் துவைக்கப் போவதில்லை. எதுவும் உடையவில்லை. கால்வாய்க்கு நம் வீட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை.

சற்றுமுன் அலுவலகம் கொடுத்த செல்போனில் அண்ணன் கூப்பிட்டார். பேக்கர்ஸைத் திருப்பி அனுப்பியதற்குத் திட்டி முடித்துவிட்டு, "எல்லாத்தையும் பிரிச்சாச்சாடா?" என்றார்.

"ஒண்ணு பாக்கிண்ணா."

"அதையும் பிரிச்சு முடி. நான் அப்புறம் பேசறேன்."

ஜன்னலோரம் என் பழைய சட்டை ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். நீ இழுத்துக் கட்டிய இறுக்கம் அப்படியே இருக்கிறது. இனி எந்த வீட்டுக்குப் போனாலும் இது இப்படியே வரும். அண்ணன் மறுபடியும் கூப்பிடுவார். போனை அணைத்துவிட்டேன்.