கர்சர் இப்போது தாவுவதில்லை

ஆம்பூர்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் சௌந்தர்யாவுக்கு அம்மா சாவித்திரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க சோளிங்கர் நரசிம்மரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சுகம் என்று எழுதியது வழக்கத்துக்குத்தான், அது நிஜமா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். தினம் போனில் பேசுகிறோமே, அயர்லாந்துக்கு எதற்குக் காகிதத்தில் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆரோக்கியசாமி சாருடைய மகள் மேல்படிப்புக்கு உன் ஊருக்கே வருகிறாள், அவள் கையில் இதையும் ஒரு டப்பா புளிக்காய்ச்சலையும் கொடுத்து விடுகிறேன். எண்ணெய் கசிந்திருந்தால் வேறு டப்பாவில் மாற்றிக்கொள். நைட் டியூட்டிக்கு வெறும் பிஸ்கட்டோடு போகாதே, அந்தக் குளிரில் சாக்ஸ் போடாமல் நடக்காதே.

லேப்டாப் தொல்லையை உனக்குப் பாதிதான் சொல்லியிருந்தேன். அப்துல் சமத் பாயின் ஷூ யூனிட்டுக்கு வீட்டிலிருந்தே ஆர்டர் ஷீட் அடித்துக் கொடுக்கிறேன் அல்லவா, எந்த கலர் தோலில் எந்த சைஸ், எத்தனை ஜோடி என்று. வெயில் ஏற ஆரம்பித்ததிலிருந்து, அடித்துக்கொண்டு இருக்கும்போதே கர்சர் தாவி வேறு எங்கேயோ போய் நின்றுவிடும். நான் கீபோர்டைப் பார்த்து அடிக்கிறவள், நிமிர்ந்து பார்த்தால் பாதி எழுத்து ஒரு கட்டத்திலும் மீதி மேல் வரியிலும் கிடக்கும். ஒருநாள் கறுப்புக்கு எதிரில் விழ வேண்டிய எண்ணிக்கை பழுப்புக்கு எதிரில் விழுந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை, கட்டிங்கில் அதைப் பார்த்து அப்படியே பழுப்புத் தோலை வெட்டிவிட்டார்கள். சமத் பாய் திட்டவில்லை. இன்னாம்மா, உங்க ஷீட்டை நான் திருப்பிக்கூடப் பாக்கறது இல்ல, கண்ணை ஒருவாட்டி செக் பண்ணிக்கங்க என்றார். திட்டியிருந்தால் தேவலை. கண் நன்றாகத்தான் இருக்கிறது சௌந்து, எனக்குச் சந்தேகம் கை மேல்தான். உன் வாலாஜா பெரியம்மாவுக்கு அந்த நரம்பு வியாதி இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் வந்தது. கடைக்கு எழுதிக் கொடுத்த சாமான் சீட்டில் எழுத்து வர வரச் சின்னதாகி, படிக்க முடியலை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார், அதற்கப்புறம்தான் நாங்களே அவள் கையைப் பார்த்தோம். கடைசியில் டம்ளர் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாமல் இருந்தாளே, அவளும் நானும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

நீ போனில் சொன்னதையெல்லாம் செய்தேன். ஆஃப் பண்ணிப் போட்டேன், மவுஸைக் கழற்றிப் பார்த்தேன், வைரஸ் இருக்கிறதா என்று ஓட விட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. சரியென்று அதை வாங்கிய வேலூர் சத்துவாச்சாரி கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தவ்ஃபீக் என் எதிரிலேயே ஒரு பக்கம் முழுக்க அடித்துக் காட்டினார், கர்சர் இம்மியும் அசையவில்லை. மெஷின் நல்லா இருக்குதும்மா, எதுக்கு பேஜார் ஆவுறீங்க என்றார். மெஷின் நன்றாக இருக்கிறது என்றால் பிறகு எது நன்றாக இல்லை. வீடு வந்து சேரும்வரை வலது கையைப் பைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அடித்தபோது மறுபடியும் தாவியது, திரும்பக் கடைக்கே போனேன். இந்த முறை அப்பாவும் கூட வந்தார். தவ்ஃபீக் என்னையே நாற்காலியில் உட்காரவைத்து, வூட்ல எப்டி அடிப்பீங்களோ அப்டியே அடிங்கம்மா, நான் பாக்கறேன் என்றார். அடித்தேன், தாவியது. என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கம்பெனியில் மிஞ்சின லைனிங் தோலை வீட்டில் கண்டதுக்கெல்லாம் ஒட்டுகிற ஆள், டிவி ரிமோட்டுக்குக்கூடச் சட்டை தைத்திருக்கிறார். லேப்டாப் விளிம்பு கையை அழுத்துகிறது என்று பொங்கல் சமயத்தில் நான் சொன்னதற்கு, கை வைக்கிற இடத்தில் மெத்தென்று ஆட்டுத்தோல் ஒட்டிக் கொடுத்தார். அது என் வியர்வையைக் குடித்துக் குடித்து நீண்டு, டச்பேட் மேல் ஏறிவிட்டது. என் மணிக்கட்டு அமுக்கி ஈரத்தோல் பட்டால் விரல் பட்டதாக அது நினைத்துக்கொள்ளுமாம். தவ்ஃபீக் கையைத் தூக்கிப் பிடித்து அடிக்கிறவர், அதனால்தான் அவருக்குத் தாவவில்லை. தோலை உரித்துப் போட்டு, மவுஸ் செருகியிருந்தால் டச்பேட் வேலை செய்யாதபடி வைத்துக் கொடுத்தார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தினி வருஷம் தோல்லயே கெடக்கிறேன், ஈரம் பட்டா நீளும்னு எனக்கே தோணலையே என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம், பாத்தியா, எல்லாம் அந்த மெஷின்தான், நீ சும்மா பயந்துக்கினே என்று எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். இத்தோடு முடிந்திருந்தால் இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து கையை மடியில் வைத்திருந்தேன். வலது கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பஸ் குலுக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பள்ளிகொண்டாவில் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினார், அப்போதும் விரல் நிற்கவில்லை. இடது கையால் அமுக்கிக்கொண்டேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார், அவருக்குத் தெரியாது. வேலை செய்யும்போது வருவதில்லை, கை சும்மா இருந்தால் வருகிறது. அதனால் இப்போதெல்லாம் கையைச் சும்மா வைப்பதே இல்லை, டிவி பார்க்கும்போதும் பூண்டு உரிக்கிறேன், வீட்டில் ஏகப்பட்ட பூண்டு உரித்துக் கிடக்கிறது. வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்க்க எவ்வளவு நேரமாகும், ஆனால் போகப் பயமாக இருக்கிறது. அவர் அந்த வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டால் அது வந்துவிட்டது என்று ஆகிவிடும்.

நீ நரம்பு வார்டில் வேலை செய்கிறவள், அதனால்தான் பேனாவில் எழுதினேன். முதல் பக்கத்தை உஷாராக எழுதினேன், அதை விட்டுவிடு. தவ்ஃபீக் கடைக் கதையில் என்னை மறந்து எழுதியிருப்பேன், அதையும் இந்தக் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறதா என்று மட்டும் சொல். மறைக்காமல் சொல், அப்பா வேலைக்குப் போன பிறகு போன் பண்ணு. நீ போகச் சொன்னால் போகிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், இருவரும் நூறு வயது நல்ல கை கால்களோடு இருக்க வேண்டும், நரசிம்மர் பார்த்துக்கொள்வார். புளிக்காய்ச்சல் டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே.

என்றும் உன் அம்மா,
சாவித்திரி

கையெழுத்தை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டிருக்கிறேன். அதைக் கணக்கில் சேர்க்காதே.